பையர் மெயில் ஸ்பேமில் விழுந்தால்: வாசகர் கேள்விகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். ஆபீஸில் மெயில் பார்க்க தண்டர்பேர்ட் என்ற மென்பொருள். பையர் அனுப்பிய ஆர்டர் மெயில் வரவே இல்லை. ஜங்க் ஃபோல்டரிலும் இல்லை. எங்கே போயிருக்கும்ங்க?

உங்கள் கணக்கு பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்குவது) இருக்கிறதா, ஐமேப் முறையில் (சர்வரில் உள்ள ஃபோல்டர்களை அப்படியே காட்டுவது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாப் என்றால் தண்டர்பேர்ட் சர்வரிலிருந்து இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். சர்வர் ஸ்பேம் என்று ஒதுக்கிய மெயில் அங்கேயே கிடக்கும். கம்ப்யூட்டரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். ஜிமெயிலாக இருந்தால் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், ஐமேப்புக்கு மாறிவிடுங்கள். ஸ்பேம் ஃபோல்டரும் தண்டர்பேர்டிலேயே தெரியும். ஐமேப் கணக்கைப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். பழைய பாப் கணக்கை அழித்துவிடாதீர்கள், இதுவரை இறக்கிய மெயிலெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். தினமும் ஜங்க் பட்டனை அழுத்துகிறேன், குப்பை குறையவில்லையே?

முதலில் அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஜங்க் செட்டிங்ஸைத் திறந்து, அந்தக் கணக்குக்கு வடிகட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். டிக் இல்லாவிட்டால் புது மெயில் எதையும் அது தொடாது.

டிக் இருந்தும் குறையவில்லையென்றால், நல்ல மெயில் எது என்று நீங்கள் அதற்குச் சொல்லாததுதான் காரணமாக இருக்கும். இந்த வடிகட்டி பேயஸ் என்ற 18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞரின் தேற்றத்தை வைத்து வேலை செய்கிறது. ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வந்தது, நல்ல மெயிலில் எத்தனை முறை வந்தது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் ஒப்பிட அதற்கு ஒன்றும் இருக்காது. இன்பாக்ஸில் இருக்கும் நல்ல மெயிலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு ஜே அழுத்துங்கள். அது ‘ஜங்க் இல்லை’ என்ற குறி. வெறும் ஜே அழுத்தினால் ஜங்க். விரலி, கிழங்கு, குவிண்டால் எல்லாம் உங்கள் தொழிலின் சொற்கள் என்று மெல்லப் பழகிக்கொள்ளும். உங்கள் மெயிலைப் பார்த்தே கற்பதுதான் இதன் பெரிய பலம் என்பேன். இதுவரை கண்டபடி குறித்து வைத்திருந்தால், பயிற்சித் தரவை ரீசெட் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஜங்க் மெயிலை உடனே அழிக்கும்படி வைக்கலாமா? (கோபி)

வேண்டாம். ஜங்க் ஃபோல்டருக்குப் போகட்டும், வாரம் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். 30 நாளைக்கு மேற்பட்டதைத் தானாக அழிக்கச் சொல்லலாம், அது போதும்.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கிறோம். நாங்கள் அனுப்பும் கொட்டேஷன் கஸ்டமரின் ஸ்பேமுக்குப் போகிறது.

உங்கள் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் மூன்று அமைப்புகளும் போட்டிருக்கிறதா என்று வெப்சைட் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தால் மூன்றும் ‘பாஸ்’ ஆகிறதா என்று தெரிந்துவிடும்.

கரூரில் தறி வைத்திருக்கிறோம். உதிரிபாகம் அனுப்பும் வெளிநாட்டு சப்ளையர், “பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று மெயில் போட்டிருக்கிறார். ஸ்பேமுக்குப் போகாமல் இன்பாக்ஸில்தான் வந்தது. நம்பலாமா?

பணம் போடாதீர்கள். இன்பாக்ஸில் வந்தது எந்த உத்தரவாதமும் ஆகாது. சப்ளையரின் மெயில்பெட்டிக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தால், மெயில் அவருடைய சொந்த முகவரியிலிருந்தே வரும். வடிகட்டி பெரும்பாலும் அதை நல்லதென்றே விட்டுவிடும். முகவரிப் புத்தகத்தில் இருப்பவரை ஜங்க் ஆக்காதே என்று நீங்களே டிக் போட்டிருந்தால் திருடனுக்கு இன்னும் எளிது. முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள், ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் மாதிரியே தெரியும்.

அந்த மெயிலுக்குப் பதில் போட்டோ, அதில் உள்ள எண்ணுக்குப் பேசியோ விசாரிக்காதீர்கள். உங்களிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணுக்குப் பேசுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், நொடியும் தாமதிக்காமல் உங்கள் பேங்கில் பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழைத்துப் புகார் பதியுங்கள். கணக்குப் பார்க்கும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த மெயில் முதலில் அவர்கள் கைக்குத்தான் வரும்.