சதவீதத்துக்கு முன் கேள்வியைப் படியுங்கள்: அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் பொருளாதார நிலை, மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் ஆகிய இரண்டையும் பற்றி வரும் கருத்துக்கணிப்புகளை எப்படிப் படிப்பது என்று வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஒரே மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்தான். ஆனால் கணிப்புக்குக் கணிப்பு எண் மாறுகிறது. இதில் எது பொய் சார்?

எதுவுமே பொய்யாக இல்லாமல் இருக்கலாம். கேட்ட சொல் வேறாக இருந்திருக்கும். 2013 செப்டம்பரில் சிஎன்பிசி தொலைக்காட்சி எடுத்த கணிப்பில் பாதிப் பேரிடம் 'ஒபாமாகேர்' என்று கேட்டார்கள். அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. மீதிப் பேரிடம் அதே சட்டத்தின் முறையான பெயரான 'அஃபோர்டபிள் கேர் ஆக்ட்' என்று கேட்டார்கள். ஒபாமாகேர் என்றதும் எதிர்த்தவர்கள் 46 சதவீதம், முறையான பெயருக்கு 37. ஒபாமாவின் பெயர் எதிர்ப்பை மட்டும் கூட்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆதரவும் 22க்குப் பதிலாக 29ஆக இருந்தது. முறையான பெயரைக் கேட்டுத் தெரியாது என்றவர்கள் 30 சதவீதம், ஒபாமாகேர் என்றபோது 12 மட்டுமே. தலைவரின் பெயர் காதில் விழுந்ததும், தயங்கி நின்றவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டார்கள்.

அதனால் நிறுவனம் வெளியிடும் முழு வினாத்தாளைத் தேடி எடுங்கள். கேள்வியின் சொற்கள் என்ன, அதற்கு முன்னால் எதைக் கேட்டார்கள், 'தெரியாது' என்று சொல்ல இடம் கொடுத்தார்களா என்று பாருங்கள். பிரீமிய உயர்வைப் பற்றி நான்கு கேள்வி கேட்டுவிட்டு ஐந்தாவதாகச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால், அந்த நான்கின் வாடை ஐந்தாவது பதிலிலும் இருக்கும். வினாத்தாளையே வெளியிடாத கணிப்பை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: 2010இல் பெரும்பான்மை எதிர்த்தும் அந்தச் சட்டம் நிறைவேறியது. அப்படியென்றால் மக்கள் அரசுக் காப்பீடே வேண்டாம் என்றார்கள் என்றுதானே பொருள்?

அவ்வளவு தூரம் அந்த எண் சொல்லவில்லை. ஒபாமா கையெழுத்திட்டது 2010 மார்ச் 23. அந்த மாதம் சிஎன்என் எடுத்த கணிப்பில் ஆதரவு 39, எதிர்ப்பு 59. எதிர்த்தவர்களிடம் காரணமும் கேட்டார்கள். மசோதா இடதுசாரிப் பக்கம் அதிகமாகச் சாய்கிறது என்று எதிர்த்தவர்கள், கேட்கப்பட்ட எல்லோரிலும் 43 சதவீதம். போதிய அளவு அந்தப் பக்கம் போகவில்லை என்றவர்கள் 13. வலப்பக்க எதிர்ப்பு மட்டும் பாதியைத் தொடவில்லை. அதற்காக 39ஐயும் 13ஐயும் கூட்டி 52 சதவீதத்தினர் சட்டத்தை ஆதரித்தார்கள் என்பதும் தவறு. அந்த 13 சதவீதத்தினர் கேட்டது வேறொரு சட்டம்.

கேள்வி: 'எல்லோருக்கும் மெடிக்கேர்' திட்டத்துக்குப் பாதிக்கு மேல் ஆதரவு என்கிறார்கள். பிறகு ஏன் அது நகரவில்லை?

மெடிக்கேர் என்பது முக்கியமாக முதியோருக்கு அரசு தரும் காப்பீடு, அதை எல்லோருக்கும் விரிப்பதே இந்தத் திட்டம். கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை நிறுவனம் 2019 ஜனவரியில் இதைச் சோதித்தது. முதலில் கேட்டபோது ஆதரவு 56. காப்பீடு ஒவ்வொருவருக்கும் உரிமையாக உறுதியாகும் என்று சொல்லிக் கேட்டால் 71. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இல்லாமல் போகும் என்றால் 37. பெரும்பாலோர் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்றாலும் 37. சிகிச்சைக்குக் காத்திருக்க நேரும் என்றால் 26. அதே மக்கள், அதே வாரம். 71க்கும் 26க்கும் நடுவே கிடக்கும் இந்த அகலம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. இன்னும் இறுகாத கருத்து அது. விவாதம் தொடங்கி எதிர்த்தரப்பு விளம்பரம் செய்ய ஆரம்பித்ததும், முதல் எண் தாங்குமா என்பதை இந்த இரண்டாம் சுற்றுக் கேள்விகளே காட்டும்.

கேள்வி: பல ஆண்டுகள் வேண்டாத சட்டமாக இருந்த ஒபாமாகேர் 2017இல் திடீரென்று பிடித்துப்போனது ஏன்?

ரத்து செய்யப் போகிறோம் என்று அப்போது ஆட்சிக்கு வந்திருந்த குடியரசுக் கட்சி இறங்கியதால். அதுவரை மக்கள் சட்டத்தைத் தங்கள் மனதில் இருந்த நல்ல திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். 2017இல் சட்டமே இல்லாத நிலையோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கம் என்று கைக்கு வந்தவை பறிபோகும் என்ற பேச்சு எழுந்தது. இந்தப் பகுதிகளுக்குத் தனித்தனியாகக் கேட்டால் முன்பிருந்தே நல்ல ஆதரவு உண்டு. வெறுக்கப்பட்டது காப்பீடு எடுக்காவிட்டால் அபராதம் என்ற பகுதிதான். அந்த அபராதம் 2019 முதல் பூஜ்யமாக்கப்பட்டது. ரத்து முயற்சி 2017 ஜூலை 28 அன்று நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 49–51 என்று தோற்றது.

அரசியல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் வ்லெசியன் 1995இல் பொதுக்கருத்தை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒப்பிட்டார். அரசு ஒரு பக்கம் அதிகம் போனால், மக்கள் கருத்து மறுபக்கம் திரும்பும். 2010, 2017 இரண்டுக்கும் இது பொருந்துகிறது.

கேள்வி: "ஆதரவு 2 புள்ளி சரிந்தது" என்று தலைப்பு வருகிறதே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

கணக்கு எளிது. எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் மாதிரியாக எடுத்துக் கேட்பதால் எண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதே பிழை வரம்பு. 1000 பேர் மாதிரிக்கு அது கூட்டியோ குறைத்தோ 3.1 புள்ளி. இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது அதை 1.41ஆல் பெருக்குங்கள், சுமார் 4.4 வரும். ஆகவே 2 புள்ளி மாற்றத்தைச் சரிவு என்று சொல்ல இடமில்லை. உட்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த 1000 பேரில் 250 பேர் எந்தக் கட்சியும் சாராதவர்கள் என்றால் அவர்களுக்கான வரம்பு 6.2. மாதிரியைச் சரிக்கட்டுவதாலும் வரம்பு கூடும், 3.1 என்பது 3.8 ஆவது சாதாரணம். மூன்று நான்கு கணிப்புகள் ஒரே திசையில் போனால்தான் மாற்றம் என்று பேசுங்கள்.

கேள்வி: சரிக்கட்டுவது என்றால்? எண்ணைத் திருத்துகிறார்களா?

பதில்களைத் தொடுவதில்லை. யாருடைய பதிலுக்கு எவ்வளவு எடை என்பதை மாற்றுகிறார்கள். மக்கள்தொகையில் பட்டதாரிகள் 35 சதவீதம், மாதிரியில் 50 சதவீதம் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டதாரிக்கும் 0.7 எடை, மற்றவர்களுக்கு 1.3. 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்வியை வைத்து இப்படிச் சரிக்கட்டாமல் விட்டதும் அவை தவறியதற்கு ஒரு காரணம். பியூ என்ற ஆய்வு நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் பதில் கிடைத்த விகிதம் 1997இல் 36, 2018இல் 6. பதில் குறைவு என்பதாலேயே கணிப்பு கெட்டுவிடாது. ஆனால் போனை வைத்துவிடுபவர்கள் நிறுவனங்களையே நம்பாதவர்களாக இருந்தால், வயதையும் கல்வியையும் கொண்டு அதை ஈடுகட்ட முடியாது.

கேள்வி: மிச்சிகன் நுகர்வோர் மனநிலைக் குறியீடு 50 என்றால் பாதிப் பேர் மகிழ்ச்சி என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறு மிகப் பரவலானது. பொருளாதாரத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் கேட்டுக் கணக்கிடும் எண் இது, சதவீதம் அல்ல. ஐந்து கேள்விகள்: ஓராண்டுக்கு முன்பைவிடக் குடும்ப நிதி எப்படி, அடுத்த ஆண்டு எப்படி இருக்கும், நாட்டின் தொழில் நிலை அடுத்த ஓராண்டில் எப்படி, ஐந்தாண்டில் எப்படி, பெரிய வீட்டுப் பொருள்கள் வாங்க இது நல்ல நேரமா. ஒவ்வொன்றிலும் நல்லது என்றவர் சதவீதத்திலிருந்து மோசம் என்றவர் சதவீதத்தைக் கழித்து 100 கூட்டுவார்கள். ஐந்தையும் கூட்டி 6.7558ஆல் வகுத்து 2 சேர்ப்பார்கள். எல்லாக் கேள்வியிலும் இரு தரப்பும் சரிசமம் என்றால் 500ஐ வகுக்க வேண்டும், குறியீடு 76. 100 என்பது 1966ஆம் ஆண்டு முதல் காலாண்டின் நிலை. 2022 ஜூனில் வந்த 50 மிகக் கடுமையான மனச்சோர்வு.

கேள்வி: பணவீக்கம் இறங்கிய பிறகும் ஏன் கோபம் போகவில்லை?

இறங்கியது வேகம், விலை அல்ல. ஆண்டுப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1, 2023 ஜூனில் 3.0. அதாவது 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கியது 109.10 ஆகி, பிறகு 112.40 ஆனது. மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்த 100.

கேள்வி: தங்கள் நிலைமை பரவாயில்லை, நாடுதான் கெட்டுவிட்டது என்கிறார்களாமே?

ஆமாம். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் நடத்தும் குடும்ப நிதி ஆய்வில் 2019இல் 75 சதவீதத்தினர் தங்கள் நிலை குறைந்தது பரவாயில்லை என்றார்கள். நாட்டுப் பொருளாதாரம் நன்று என்றவர்கள் 50. 2022இல் முதல் எண் 73, இரண்டாவது 18. மருத்துவத்திலும் இதே இடைவெளி: தன் சிகிச்சைக்கு நல்ல மதிப்பெண், நாட்டின் முறைக்குக் குறைந்த மதிப்பெண். எனவே "உங்கள்" என்று கேட்டார்களா, "நாட்டின்" என்று கேட்டார்களா என்று பாருங்கள். அதிபர் மாறியதும் இரண்டாவது வகை பதில் கட்சி வாரியாகத் தலைகீழாவதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்குக் கணிப்பு எடுக்கிறேன். "செலவுமிக்க அரசு மருத்துவத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா?" என்ற கேள்வி சரியா?

வேண்டாம். 'செலவுமிக்க' என்ற சொல் பதிலைச் சொல்லித் தருகிறது. ஆதரவைப் பற்றி மட்டும் கேட்பது தலையாட்ட வைக்கும். இப்படி எழுதுங்கள்: "எல்லோருக்கும் அரசே காப்பீடு தரும் திட்டத்தைச் சிலர் ஆதரிக்கிறார்கள், சிலர் எதிர்க்கிறார்கள். நீங்கள் ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, இன்னும் முடிவு செய்யவில்லையா?" பாதிப் பேருக்கு ஆதரவை முதலிலும் மற்றவர்களுக்கு எதிர்ப்பை முதலிலும் வையுங்கள். வரிச்சுமை, காத்திருப்பு பற்றிய கேள்விகள் இதற்குப் பிறகுதான். முழுக் கணிப்புக்கு முன் பத்துப் பேரிடம் கேட்டு, கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.