கடல் இருந்த தெருவிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் கணவருடன் செல்கிறேன். சைனா டவுனுக்கு ஒரு முற்பகல் மட்டுமே ஒதுக்க முடியும். போய் வந்தவர்கள், "எல்லாம் பொம்மைக் கடைகள்தான், பாண்டி பஜாரே மேல்" என்கிறார்கள். மூட்டு வலியோடு அங்கே போவதில் பயன் உண்டா?
— ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: கட்டாயம் போய் வாருங்கள், ஆனால் எல்லோரும் இறங்கும் சைனா டவுன் ரயில் நிலையத்தில் இறங்காதீர்கள். அதன் வாசல் ஒன்று பகோடா தெருவின் கடை வரிசைக்குள்ளேயே கொண்டுபோய் விடுவதால்தான், பலர் அரை மணி நேரத்தில் நான்கு சாவிக்கொத்துகளை வாங்கிக்கொண்டு, பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கி, அதே பெயர் கொண்ட தெருவில் நடக்கத் தொடங்குங்கள்.

வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் அடியில் இன்று ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தெரு, ஒரு காலத்தில் கடற்கரை. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் சிங்கப்பூர் ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்களுக்கு இடம் ஒதுக்கியது. கப்பலில் வந்தவர்கள் இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். 1880களில் கடலைத் தூர்த்த பிறகே அலைகள் விலகிப் போயின. உயிரோடு கரை சேர்ந்த, சீனாவின் ஃபுஜியன் மாகாணத்து மக்கள், கடல் தெய்வமான மாட்சுவுக்கு நன்றி சொல்ல 1839 முதல் 1842 வரை கட்டிய கோயில்தான் தியான் ஹொக் கெங். அதே வரிசையில், சில நிமிட நடையில், நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரை நினைத்து 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. இன்னும் சற்றுத் தள்ளி இருக்கும் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இல் குடிசையாகத் தொடங்கியதால், அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்ற தமிழ்ப் பெயரே வழங்கியது. சீனர் பகுதி என்று நாம் சொல்லும் இடத்தில், கடலுக்கு அஞ்சி வந்த இரண்டு கூட்டத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் கும்பிட்டிருக்கிறார்கள். கடைத் தெருவை மட்டும் பார்த்துத் திரும்புவோர் இதைத் தவறவிடுவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

தியான் ஹொக் கெங் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவுகளில் தீட்டப்பட்ட காவல் தெய்வங்களைப் பார்த்தால் நம் துவாரபாலகர்கள் நினைவுக்கு வருவார்கள். உயரமான வாசற்படியை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "வாசப்படியில நிக்காதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூட்டு வலி இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் கணவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே கருங்கல் தூண்களைச் சுற்றி டிராகன்கள் ஏறுவதைத் தூணருகே போய்ப் பாருங்கள்.

அடுத்து, ஆன் சியாங் குன்றின் மேல் ஏறாமல், கிராஸ் தெரு வழியாகவே சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்துவிடலாம். அங்கே தமிழ் வணிகர் நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயிலுக்கு முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயர் தெருவில்தான். பூஜைக்கு நல்ல தண்ணீர் அங்கே இல்லாததால் அதை விட வேண்டியதாயிற்று. தண்ணீர்க் கஷ்டம் இந்த வட்டாரத்தின் பெயரிலேயே இருக்கிறது. மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்றால் தண்ணீர் வண்டி. சீனர்கள் இதை 'நியூச்சே ஷுய்', அதாவது மாட்டுவண்டித் தண்ணீர், என்று இன்றும் அழைக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னைவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று: பகோடா தெருவில் பகோடா எங்கே என்று தேடாதீர்கள். மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கப் போகும் கோபுரம் 1925இல் எழுந்தது. நண்பகலில் நடை சாத்திவிடுவதால், காலை எட்டரைக்குள் தெலுக் ஆயரில் இருந்தால் தரிசனம் தவறாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சைனா டவுனில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?
— ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: கிடைக்கும். உணவங்காடிகளில் 'வெஜிடேரியன்' பலகை வைத்திருக்கும் சீனக் கடைகளைத் தேடுங்கள். பௌத்த முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள் வெங்காயம், பூண்டைக்கூடச் சேர்ப்பதில்லை. ஏகாதசிச் சமையலுக்குப் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். அங்கே தட்டில் கோழி, வாத்து போலத் தெரிவது சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றக் கடைகளில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, ஏனென்றால் வெறும் கீரை வதக்கலிலும் சிப்பிச் சாறோ காய்ந்த இறாலோ இருக்கக்கூடும்.

கேள்வி: சீனப் புத்தாண்டின்போது போகலாமா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: புத்தாண்டு, ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் போனால் விளக்கு அலங்காரமும் இரவுச் சந்தையும் இருக்கும். கூட்டமும் நம் தீபாவளி ரங்கநாதன் தெருவைப் போல இருக்கும். புத்தாண்டு பிறந்த முதல் இரண்டு நாட்களைத் தவிருங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தீமிதியைப் பார்க்க ஆசை என்றால், மாரியம்மன் கோயிலில் அது ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி நடக்கிறது.