மூணாவது அஞ்சு ஏக்கர் வேணாம் தம்பி

கேள்வி: சார், டல்லாஸ்ல ஐடி வேலை. 2021 பிப்ரவரி பனியில ரெண்டு நாளு கரண்ட் இல்லாம குழந்தைய வெச்சிக்கிட்டு நடுங்கினதுல இருந்து பயம் போகல. மறுபடி அப்படி ஆனா போய் தங்கலாம்னு மச்சான் சொல்லி கொலராடோ மாநிலத்துல கோஸ்டில்லா கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 5 ஏக்கர் மனை ரெண்டு வாங்கிட்டேன், விக்கிறவரே தவணை போட்டுக் குடுத்தாரு. இப்ப பக்கத்து மனையையும் வாங்க சொல்றாரு. பேங்க்ல 2,000 டாலர் இருக்கு, சோலார் பேட்டரி, கெட்டுப்போகாத சாப்பாடு டப்பான்னு வாங்கினதுல கார்டு கடன் 6,000. கவுண்டி நல்ல கவுண்டிதானா?

பதில்: தம்பி, கவுண்டிக்கு அப்புறம் வரேன், மொதல்ல அந்த தவணை. நீங்க அனுப்பின பேப்பர் படி ஒரு மனைக்கு 8,500 கடன், 12 சதவீதம், 84 மாசம், மாசம் 150. கூட்டினா 12,600, அதாவது வட்டி மட்டும் 4,100. ரெண்டு மனைக்கு மாசம் 300, கார்டுக்கு 24 சதவீதம்னா வெறும் வட்டியே மாசம் 120, மூணாவது மனை சேர்ந்தா 570 ஆச்சு, அதுவும் இந்த மாதிரி ஒப்பந்தத்துல கடைசி தவணை கட்டுற வரைக்கும் பத்திரம் விக்கிறவர் பேர்லயே இருக்கும், நடுவுல வேலை போய் நாலு மாசம் கட்டலன்னா கட்டின காசும் போகும் மனையும் போகும். உங்களுக்கு வரக்கூடிய பெரிய பேரிடர் லேஆஃப்தான், அதுக்கு கையில இருக்கிறது 2,000.

இப்ப கவுண்டி. உங்க மனை இருக்கிற சமவெளியே 7,500 அடிக்கு மேல, ஊட்டிய விட உயரம், ஆனா மழை வருஷத்துக்கு ஏழெட்டு இன்ச்சுதான். குளிர்காலத்துல மைனஸ் 30 செல்சியஸ் வரைக்கும் இறங்கும். 35 ஏக்கருக்கு கீழ உள்ள மனைக்கு போர்வெல் போட பெர்மிட் கிடைச்சாலும் பொதுவா வீட்டுக்குள்ள புழங்க மட்டும்தான், தோட்டத்துக்கோ ஆடு மாட்டுக்கோ கிடையாது. மழைத்தண்ணிய பிடிச்சு வெச்சுக்கலாம்னா, 2016 சட்டப்படி சாதாரணமா ஒரு வீட்டுக்கு ரெண்டு பீப்பா, மொத்தம் 110 கேலன். அத வெச்சு என்ன வெள்ளாமை பண்ணுவீங்க? நீங்க கோட்டை மாதிரி நினைக்கிற அதே கவுண்டில 2018ல ஃபோர்ட் கார்லண்ட் ஊர் பக்கம் புடிச்ச ஸ்பிரிங் காட்டுத்தீ ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல எரிச்சுது, நூத்துக்கும் மேல வீடு போச்சு. போர்வெல், செப்டிக், சோலார், ஒரு சின்ன வீடு எல்லாம் சேர்த்தா 50,000 இல்லாம அங்க ஒரு ராத்திரி நிம்மதியா தூங்க முடியாது. அதோட டல்லாஸ்ல இருந்து பத்து மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டணும், 2021 மாதிரி ரோடெல்லாம் ஐஸா கெடந்தா எப்படி போவீங்க?

அங்க நல்லா வாழறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா தண்ணிய விசாரிச்சிட்டு அப்புறம் மனை வாங்கினவங்க அவங்க.

மூணாவதுல கையெழுத்து போடாதீங்க. ரெண்டாவது மனைய திருப்பிக் குடுத்தா எவ்வளவு நஷ்டம்னு எழுதி வாங்குங்க, கட்டினது கொஞ்சம்தான்னா விட்டுடுங்க. அந்த 150ஐ கார்டு கடன்ல போடுங்க, அது முடிஞ்சதும் மூணு மாச செலவு பேங்க்ல சேரட்டும். பனிக்கு பைப்புக்கு உறை, ஒரு வாரத்துக்கு தண்ணி, கனமான போர்வை போதும், 200 டாலர்ல முடியும். சாப்பாட்டு டப்பா இனி ஒண்ணு கூட வேணாம்.

நீங்க அனுப்பின முழு கடிதத்துல (மேல போட்டது சுருக்கம்தான்) மச்சான் பேரு ஆறு தடவை வருது, உங்க மனைவி என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி இல்ல. அவங்க அண்ணன்தானே, இன்னிக்கு ராத்திரியே இந்த கணக்க அவங்க முன்னாடி வெச்சு பேசுங்க, மச்சான்கிட்ட வேணாம்னு சொல்றத அவங்களே சொல்லட்டும்.