2011 ஜப்பான் பேரழிவில் உயிர்கள் போனது நிலநடுக்கத்தாலா, சுனாமியாலா?

சுனாமியால்தான். மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு வந்த 9.0 அளவு அதிர்வைப் பெரும்பாலான கட்டடங்கள் தாங்கிவிட்டன. இறந்த சுமார் 15,900 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் நீரில் மூழ்கியவர்கள். 60 வயது கடந்தவர்களே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

எச்சரிக்கை மூன்றே நிமிடத்தில் வந்தது. ஆனால் வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே மாகாணக் கடற்கரைக்கு அதில் சொன்ன அலை உயரம் 3 மீட்டர். அங்குள்ள தாரோ ஊரின் தடுப்புச் சுவரோ 10 மீட்டர்! அதை நம்புகிறவர் எப்படிக் கிளம்புவார்? உயரத்தைத் திருத்திச் சொன்னபோது மின்சாரம் போயிருந்தது; பலருக்கு அது எட்டவேயில்லை.

மனம் ஆறாதது இஷினோமாக்கி நகரின் ஒக்காவா தொடக்கப் பள்ளி. பின்னாலேயே மலை இருந்தும், பிள்ளைகளை முக்கால் மணி நேரத்துக்கும் மேல் திடலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் பறிபோனார்கள்.

2013 முதல் இத்தகைய பெரும் நிலநடுக்கங்களில் முதல் எச்சரிக்கை மீட்டர் கணக்குச் சொல்வதில்லை. 'மிகப் பெரிய அலை' என்றே அறிவிக்கிறார்கள்.