மோர் பூசினால் பாசி வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூர்வீக வீட்டை இப்போதுதான் பழுது பார்த்து முடித்தோம். முற்றத்தில் வைக்க மானாமதுரை மண் தொட்டிகள் வாங்கி வந்தேன். பழைய தூணுக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் பக்கத்தில் அவை செக்கச்செவேலென்று ஒட்டாமல் நிற்கின்றன. மோர் பூசினால் பாசி பிடித்துப் பழசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். பூசினேன், நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். வேறு வழி உண்டா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மோரை மட்டும் பூசினால் எறும்புதான் வரும், பாசி எங்கிருந்து வரும்? மோர் வெறும் பசை, அவ்வளவுதான். அதற்குப் பதில் சோறு வடித்த கஞ்சியைப் பூசினாலும் ஒட்டும். பாசியின் துணுக்கை நீங்கள்தான் கொண்டு போய் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. தொட்டியின் வெளிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உடனே உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக உருண்டு ஓடினால் கடையில் காவி பெயின்ட்டோ வார்னிஷோ அடித்திருக்கிறார்கள், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்காமல் என்ன பூசினாலும் வீண். மண் தொட்டியில் பாசி பிடிப்பதே உள்ளே ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வெளியே ஈரம் காட்டுவதால்தான்.

அப்புறம் தொட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கிணற்றடிச் சுவரிலோ துவைகல் ஓரத்திலோ வெல்வெட் மாதிரி குட்டையாகப் படர்ந்திருக்கும் பாசியைக் கரண்டியால் சுரண்டி ஒரு கைப்பிடி எடுங்கள் (ஊருணிப் படியில் வழவழவென்று இருப்பது வேண்டாம், அது தண்ணீருக்குள் வாழ்கிற சாதி, தொட்டியில் காய்ந்து உதிர்ந்துவிடும்). அதைக் கையால் நன்றாகப் பிசைந்து, ஒரு டம்ளர் மோரோ கஞ்சியோ விட்டு, கொஞ்சம் களிமண்ணும் சேர்த்துக் கூழாக்கிப் பழைய பிரஷ்ஷால் திட்டுத் திட்டாகப் பூசுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி பூசினால் பச்சை பெயின்ட் அடித்த மாதிரிதான் இருக்கும். அடிப்பக்கமும் விளிம்புக்குக் கீழேயும் கனமாக இருக்கட்டும், மேலே போகப் போகக் குறையட்டும்.

இதையெல்லாம் சித்திரையில் செய்தால் நம் ஊர் வெயில் ஒரே நாளில் கருக்கிவிடும். ஐப்பசி மழை பிடிக்கும்போது ஆரம்பியுங்கள். முற்றத்தின் தெற்கு ஓரம் அப்போதிருந்து தை மாதம் வரை பெரும்பாலும் வீட்டு நிழலிலேயே இருக்கும், ஓட்டுச் சரிவிலிருந்து விழும் மழைத் தண்ணீர் தெறிக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். மழை விட்ட நாட்களில் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். சில வாரத்தில் மெல்லிய பச்சை தெரியும், நிஜமான பாசி மெத்தென்று படர மாதக்கணக்கில் ஆகும். கோடையில் பழுப்பாகி வறண்டால் செத்துவிட்டது என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் பெரும்பாலும் மறுபடி பச்சையாகிவிடும்.

வெயிலில் இருக்கப் போகும் தொட்டிகளுக்குப் பாசி ஆசையை விட்டுவிடுங்கள், சுண்ணாம்புதான் சரி. எனக்கு அதுதான் செட்டிநாட்டு வீட்டுக்கு இன்னும் பொருத்தமாகவும் படுகிறது. நீற்றின சுண்ணாம்பை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஈரத் தொட்டியின் மேல் ஏனோதானோவென்று இழுத்து, பாதி காயும்போது ஈரத்துணியால் அங்கங்கே துடைத்து விட்டால் வெள்ளை பள்ளங்களில் மட்டும் தங்கிப் பல வருஷம் மழை கண்ட தொட்டி போல ஆகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. சுண்ணாம்பு அடித்த தொட்டியில் பாசி சீக்கிரத்தில் வராது, அதனால் ஒரே தொட்டிக்கு இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று, ஈரத் தொட்டியை ஆத்தங்குடித் தரை ஓட்டின் மேல் நேராக வைக்காதீர்கள், கறை இறங்கிவிடும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள், டெங்கு கொசு தேடுவது அதைத்தான்.

கேள்வி: சிமென்ட் தொட்டியிலும் இதே மாதிரி செய்யலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: செய்யலாம், ஆனால் புது சிமென்ட்டின் காரம் பாசிக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, அவ்வப்போது மாற்றி ஊற வையுங்கள். பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டு மேலே சொன்ன கூழைப் பூசுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அக்ரிலிக் பெயின்ட்டை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் தொட்டிகளில் தானாகவே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது உப்பு. போர் தண்ணீரில் இருப்பது சுவர் வழியாகக் கசிந்து, தண்ணீர் ஆவியானதும் வெளியே தங்கிவிடுகிறது. தொட்டிக்குக் கெடுதல் இல்லை, மேலே ஒருவர் இதற்காகச் சுண்ணாம்பு கரைக்கப் போகிறார், உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது! பிடிக்கவில்லை என்றால் தேங்காய் நாரும் வினிகர் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். மேல்மண்ணிலும் வெள்ளை படிந்திருந்தால் மட்டும் அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு, மழைத் தண்ணீர் கிடைக்கும்போது அடித்துளை வழியாக வழிகிற அளவுக்கு ஊற்றிவிடுங்கள்.