ஆட்டுக்கு ஆடு தேடாதீர்கள்: ‘கோட்’ பற்றிய கேள்வி பதில்

இந்த வாரம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: கோட். அதாவது ஆடு. மழைக்கு மாட்டிக்கொள்ளும் கோட் அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், என்ன செய்ய. முப்பது வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவன், அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜோசியமும் ஆட்டுப்பண்ணை லோனும் எனக்குத் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தஞ்சாவூர்: கிரிக்கெட் வீரர்களை ‘கோட்’ என்று எழுதுகிறார்களே சார், பாராட்டா, கிண்டலா?

பாராட்டுதான். ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்பதன் முதல் எழுத்துகள். நானே கிரேட்டஸ்ட் என்று சொல்லிக்கொண்டே திரிந்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியில் இருந்து வந்தது. அவர் மனைவி லோனி அலி 1992-ல் அவருடைய வியாபார உரிமைகளைப் பார்த்துக்கொள்ள இந்த நான்கு எழுத்தில் ஒரு நிறுவனம் பதிவு செய்தார். 2000-ல் எல்எல் கூல் ஜே என்ற ராப் பாடகர் தன் ஆல்பத்துக்கு இதே பெயரை வைத்தார். அப்புறம் ஊரெல்லாம் ஆடு.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னால் அமெரிக்க விளையாட்டில் இந்தச் சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள். ஆட்டத்தைக் கோட்டைவிட்டவன்தான் கோட். 1986 பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பாஸ்டன் அணியின் பில் பக்னர் குனிகிறார், தரையோடு மெதுவாக உருண்டு வந்த பந்து அவர் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடுகிறது, ஆட்டம் போயிற்று, அடுத்த ஆட்டமும் தோற்றுத் தொடரும் போயிற்று. பல வருடம் அந்த மனிதருக்கு அதே பெயர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலும் வகுப்பில் கடைசியாகத் தேறுகிறவர்தான் கோட். 1861-ல் அந்தப் பெருமை கஸ்டருக்கு, பின்னால் தளபதியாகிச் செவ்விந்தியர்களிடம் சண்டையில் செத்தாரே, அவருக்கு.

எனக்குப் பழைய பொருள்தான் மண்டையில் இருந்தது. ஒரு டென்னிஸ் செய்தியில் கோட் என்று வந்ததைப் ‘பலிகடா’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கம் போகிற நேரத்தில், மெய்ப்புப் பார்க்கிற பையன் போன் செய்து, “அண்ணா, அவர் கப் வாங்கியிருக்கார்” என்றான். ஆகவே பழைய செய்தி என்றால் தோற்றவன், புதிய செய்தி என்றால் சாதித்தவன். தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஈரோடு: ‘ஹி கெட்ஸ் மை கோட்’ என்றால் என் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்றா அர்த்தம்?

கடுப்பேற்றுகிறான். அவ்வளவுதான். உங்கள் வாக்கியத்தில் ஆடே வேண்டாம். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: ஆட்டுக்கு ஆடு தேடாதீர்கள். அந்த ஆட்டை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், அந்தச் செய்கைக்குத் தமிழ் கிடைக்கும்.

அதே ஈரோடு: பந்தயக் குதிரையை அமைதிப்படுத்த லாயத்தில் ஆடு கட்டுவார்களாம், எதிராளி அதைத் திருடிவிடுவானாம், அதிலிருந்து வந்தது என்று படித்தேனே?

நானும் படித்தேன். குதிரைக்குத் துணையாக ஆடு கட்டும் வழக்கம் உண்மை. ஆனால் அதிலிருந்துதான் இந்தத் தொடர் பிறந்தது என்று காட்ட அந்தக் காலத்து எழுத்து எதுவும் கையில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தில் திடீரென்று தலைகாட்டுகிறது, அவ்வளவே. சொல்லின் பிறப்புக் கதை ரொம்ப அழகாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நாகர்கோவில்: ‘ஸ்கேப்கோட்’ என்பதற்குப் பேப்பரில் பலிகடா என்று போடுகிறார்கள். எங்கள் வேதாகமத்தில் ‘போக்காடு’ என்று இருக்கிறது. எது சரி ஐயா?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். லேவியராகமம் 16-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்கு, அது வெட்டுப்படும். இன்னொன்றின் தலையில் தலைமை ஆசாரியர் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி அதன் மேல் ஏற்றி, ஓர் ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார். எபிரேயத்தில் இந்த இடத்தில் வருகிற சொல் அசாசேல். அது ஒரு பேயின் பெயரா, இடத்தின் பெயரா, ‘போகிற ஆடு’ என்பதா, அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1530-ல் வில்லியம் டிண்டேல் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது மூன்றாவது பொருளைப் பிடித்துக்கொண்டு ஸ்கேப்கோட் என்று ஒரு சொல்லைக் கட்டினார். ஸ்கேப் என்பது எஸ்கேப்பின் குறுக்கம். 1611-ல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளும் அதையே வைத்துக்கொண்டது.

ஆக, ஸ்கேப்கோட் வெட்டுப்பட்ட ஆடு இல்லை. உயிரோடு, எல்லார் பாவத்தையும் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் போன ஆடு. பலிகடா என்றால் பக்கத்தில் நின்ற மற்ற ஆடு! தமிழில் ‘போக்காடு’ என்று போட்டவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். போக்கிவிட்ட ஆடு, ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நம் பேப்பர்காரர்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

சேலம்: மன்னிக்கவும் ஐயா, ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும்போது ஊர்க் கஷ்டமெல்லாம் இதோடு போகட்டும் என்றுதான் சொல்வோம். பலிகடாவும் சுமக்கிறதுதான்.

நல்ல கேள்வி. நானும் பார்த்திருக்கிறேன். கழுத்தில் மாலை, தலையில் மஞ்சள் தண்ணீர், கூட்டம் மூச்சுவிடாமல் ஆட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அது உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு. சிலுப்பவில்லை என்றால் பூசாரி காதோரம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார். பாருங்கள், அங்கே ஆட்டிடம் சம்மதம் கேட்கிறோம், மாலை போடுகிறோம், அது சாமிக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன். யாரும் அந்த ஆட்டைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. ஸ்கேப்கோட்டில் முக்கியம் சாவு இல்லை, பழி. செய்தவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன்.

மதுரை: யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவைப் படித்தால், பிற்காலத்தில் அந்தப் போக்காட்டையும் மலை உச்சியிலிருந்து பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று வருகிறதே? கடைசியில் அதுவும் செத்ததுதானே?

சரி, இதை எதிர்பார்க்கவில்லை. உண்மைதான், யோமா பகுதியில் வருகிறது. கொம்புகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளி நூல் கட்டி, செங்குத்தான இடத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளுவார்கள், பாதி மலை உருள்வதற்குள் துண்டு துண்டாகிவிடும் என்று இருக்கிறது. டிண்டேலின் எஸ்கேப் அங்கே எடுபடாது. ஆனாலும் அது பலிபீடத்தில் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சேலம்: சாவு சாவுதான் ஐயா. பேப்பர் படிக்கிற யாரும் பலிகடா என்றால் ‘மற்றவர் தப்புக்கு மாட்டிக்கொண்டவர்’ என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் மட்டும் லேவியராகமத்தில் நிற்கிறீர்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். “மேலதிகாரிகளைக் காப்பாற்ற டிரைவரைப் பலிகடா ஆக்கினார்கள்” என்றால் இன்று எல்லோருக்கும் புரிகிறது, பழி என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் எப்போதோ புகுந்துவிட்டது. அதை இனி நான் துரத்த முடியாது. ஆனால் ஒரு கிளார்க்கை ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர் செய்ததற்கெல்லாம் பலிகடா என்று எழுதினால் எனக்குப் பல் கூசுகிறது. ‘பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டார்கள்’ என்று எழுதுங்கள், ஆரோன் கை வைத்த அதே தலை. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது, அதிலே ஆடு மாடு எதுவும் இல்லை. ஆட்டுக்கு ஆடு தேடியதால் வந்த வினை இது.

திருச்சி: சார், கிரிக்கெட்டில் ‘கோட்’ என்கிறார்களே, அப்படி என்றால்...

முதல் கேள்வி.

விருதுநகர்: குழந்தையை ‘கிட்’ என்கிறோமே, அது ஆட்டுக்குட்டியா?

ஆமாம், முதலில் ஆட்டுக்குட்டி மட்டும்தான், வைக்கிங்குகள் மொழியிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சுவழக்கில் குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டது. நாம் ‘குட்டி’ என்று கொஞ்சுவது போலத்தான். ‘கிட்னாப்’ அதிலிருந்து வந்தது, நாப் என்றால் லபக்கென்று பிடிப்பது. பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் வேலைக்கு விற்பதற்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு வைத்த பெயர். இன்று எழுபது வயதுக்காரரைக் கடத்தினாலும் கிட்னாப்தான். ‘கிட் கிளவ்ஸ்’ போட்டுக் கையாள்வது என்றால் ஆட்டுக்குட்டித் தோலில் செய்த மெல்லிய கையுறை. தமிழில் ‘நோகாமல்’ என்றால் போதும், கையுறையைத் தூக்கிப் போடுங்கள்.

காரைக்குடி: மகர ராசிக்கு ஆங்கிலத்தில் ஆட்டுப் படம் போடுகிறார்களே, பலன் மாறுமா?

ஜோசியரிடம் கேளுங்கள்.

பாளையங்கோட்டை: ‘செம்மறி வேறு, வெள்ளாடு வேறு என்று பிரிப்பது’ என்று ஆங்கிலத்தில் வருகிறது. இரண்டையும் பிரிப்பதில் என்ன கஷ்டம்?

ஆங்கிலேயருக்குக் கஷ்டமே இல்லை, அவர்கள் ஊர்ச் செம்மறி பஞ்சுமூட்டை மாதிரி இருக்கும். ஆனால் உவமை அங்கே பிறந்ததில்லை, பைபிளில் மத்தேயு 25-ம் அதிகாரம், இரண்டும் ஒன்றாக மேய்கிற நாடு. நம் பக்கமும் அப்படித்தான், கம்பளி இல்லாத செம்மறியைத் தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு மாதிரியே இருக்கும். வாலைப் பாருங்கள்: வெள்ளாட்டுக்கு மேல் நோக்கி, செம்மறிக்குத் தொங்கும். மேயும்போதும் தெரியும், செம்மறி தலையைக் கவிழ்த்துப் புல்லைக் கரம்பும், வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து வேலமரத்துக் கிளையை இழுத்து, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவும். மொழிபெயர்ப்புக்கு ‘புடைத்துப் பார்த்தால் தெரியும் எது மணி, எது பதர்’ என்று எழுதலாம். மறுபடியும், ஆடு வேண்டாம்.

கடலூர்: அண்ணா, விளையாட்டு வீரர்களை ஏன்...

முதல் கேள்வி, முதல் கேள்வி. மேலே போய்ப் படித்துவிட்டு வாங்க தம்பி.

சென்னை: மகள் லண்டனில் படிக்கிறாள். கடையில் மட்டன் கேட்டால் வேறு ருசியாக இருக்கிறது என்கிறாள்.

அங்கே மட்டன் என்றால் வயதான செம்மறி. பிரெஞ்சு மொழியில் செம்மறிக்கு ‘மூத்தோன்’ (mouton) என்று பெயர், அதிலிருந்து வந்தது. இந்திய ஆங்கிலத்தில்தான் வெள்ளாட்டுக் கறிக்கும் மட்டன் என்கிறோம். வெள்ளாடு வேண்டுமானால் கடையில் ‘கோட் மீட்’ என்றே கேட்கச் சொல்லுங்கள். குழம்புக்கு என்றால் எலும்போடு, துண்டு சின்னதாக.