பெண்கள் டெக் மாநாட்டுக்குப் போனா நம்ம வேலைக்கு என்ன கெடைக்கும்? கேட்டவங்களுக்கு என் பதில்கள்

பெங்களூர்ல நடக்குற கிரேஸ் ஹாப்பர் இந்தியா மாநாட்டுக்கு பல வருஷமா போயிட்டு வர்றேன், முதல்ல பின் வரிசைல உக்காந்து கேக்குறவளா, அப்புறம் பேசுறவளா. நான் சென்னைல பேக்எண்ட் இன்ஜினியர். கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் நெறைய வந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேத்துட்டேன்.

சேலம், சிஎஸ்இ மூணாவது வருஷம்: அக்கா, இது என்ன மாநாடு, யார் நடத்துறாங்க? டிக்கெட் வெலைய பாத்தாலே பயமா இருக்கு.

அமெரிக்காவுல அனிதா போர்க், டெல் விட்னின்னு ரெண்டு கம்ப்யூட்டர் விஞ்ஞானிங்க சேந்து 1994ல ஆரம்பிச்சது பா. கோபால் (COBOL)ங்கிற ப்ரோகிராமிங் மொழிக்கு அடித்தளம் போட்ட, 1952லயே கம்பைலர் (நாம எழுதுற ப்ரோகிராம மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துறது) எழுதிக் காட்டின கிரேஸ் ஹாப்பர் பேரு தான் வச்சாங்க. இந்தியாவுல 2010ல இருந்து நடக்குது. மாணவிகளுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, ஆனா மாநாட்டுக்கு ரொம்ப முன்னாடியே அப்ளை பண்ணணும், அதனால இப்பவே அவங்க சைட்ட பாத்து வைங்க. அப்ளிகேஷன்ல "எனக்கு டெக்னாலஜி ரொம்ப புடிக்கும்"னு எழுதாதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. நீங்க பண்ணின ஒரு ப்ராஜெக்ட், அதுல எங்க மாட்டினீங்க, எப்படி வெளில வந்தீங்க, அதை எழுதுங்க.

சென்னை, மேனுவல் டெஸ்டிங், 5 வருஷம்: போன வருஷம் போனேன். கீநோட் (முக்கிய மேடைப் பேச்சு) கேக்கும்போது கண்ணெல்லாம் கலங்கிடுச்சு, திங்கக்கிழமை ஆபீஸ் வந்ததும் அதே எக்ஸல் ஷீட். அந்த உற்சாகம் ஏன் நிக்க மாட்டேங்குது?

இந்த கேள்விக்கு தான் நான் பெரிசா பதில் எழுதணும்னு நெனச்சேன். மேடைல பேசுறவங்க பெரும்பாலும் நம்மள விட இருவது வருஷம் முன்னாடி நிக்குறாங்க, வைஸ் பிரசிடெண்ட், சிடிஓ இப்படி. அவங்க கதை நெசம் தான், கேக்கவும் நல்லா இருக்கும், ஆனா அங்க இருந்து உங்க திங்கக்கிழமைக்கு வழி தெரியாது. உங்களுக்கு வேண்டியது உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போறவங்க. கையால டெஸ்ட் பண்ற மேனுவல்ல இருந்து, ப்ரோகிராம் எழுதி டெஸ்ட் பண்ற ஆட்டோமேஷனுக்கு இப்பத்தான் மாறின ஒருத்தி அந்த ஹால்ல கண்டிப்பா இருப்பா, அவ மேடைல இருக்க மாட்டா, லஞ்ச் கியூவுல உங்க பின்னாடி தட்டு வச்சுக்கிட்டு நிப்பா. அவகிட்ட கேக்க வேண்டியது "எப்படி மேடம் சாதிச்சீங்க"ங்கிறது கெடையாது. மொதல்ல ஜாவா படிச்சீங்களா பைத்தானா, வேலை நேரத்துல படிச்சீங்களா ராத்திரியா, ஆபீஸ்ல முதல் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எந்த டெஸ்ட்டுக்கு எழுதினீங்க, மேனேஜர்கிட்ட எப்படி கேட்டீங்க, சம்பளம் கூடுச்சா இல்ல வெறும் டைட்டில் மட்டும் மாறுச்சா, இதைக் கேளுங்க. இப்படி கேட்டா யாருமே மூஞ்சிய திருப்ப மாட்டாங்க, சொல்லப்போனா ரொம்ப சந்தோஷமா சொல்வாங்க, ஏன்னா அவங்கள யாரும் இதுவரை அப்படி கேட்டிருக்க மாட்டாங்க.

எனக்கு வேலைல பெரிய திருப்பம் வந்ததும் ஒரு டீ பிரேக்ல தான். டேட்டாபேஸ் டீம்ல இருந்த ஒரு பொண்ணு, ப்ரொடக்ஷன், அதாவது மக்கள் பயன்படுத்துற நெஜ சிஸ்டம், விழுந்தா ராத்திரி அவங்க என்னென்ன பாப்பாங்கன்னு ஒரு டிஷ்யூ பேப்பர்ல வரிசையா எழுதிக் காட்டினாங்க. இந்த வேலை எனக்கும் வரும்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு.

அதனால போறதுக்கு முன்னாடியே ஒரே ஒரு கேள்விய முடிவு பண்ணிட்டுப் போங்க, நாள் பூரா அதையே வேற வேற ஆள்கிட்ட கேளுங்க. திரும்பி வந்த ரெண்டு நாளுக்குள்ள அவங்களுக்கு மெசேஜ் போடுங்க, "நீங்க சொன்ன மாதிரி லாகின் டெஸ்ட்ட எடுத்து ஆரம்பிச்சிருக்கேன்"னு. சும்மா "நைஸ் மீட்டிங் யூ"ன்னு போட்டா அத்தோட முடிஞ்சிடும்.

ஓசூர், மெக்கானிக்கல், ப்ரொடக்ஷன் லைன்ல இருக்கேன்: இதெல்லாம் ஐடிகாரங்களுக்கு தானே? எங்க ஃப்ளோர்ல நான் ஒருத்தி தான் பொண்ணு.

இல்லவே இல்ல. லலிதா பத்தி தெரியுமா உங்களுக்கு? 1919ல பொறந்தவங்க, பதினஞ்சு வயசுல கல்யாணம், பதினெட்டு வயசுல புருஷன் தவறிட்டார், கைல சில மாசக் கொழந்த. அப்பா கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல ப்ரொஃபசர். அவர் முயற்சில அங்கயே சேந்து 1943ல படிப்ப முடிச்சாங்க, நம்ம நாட்டோட முதல் பெண் எலக்ட்ரிகல் இன்ஜினியர். அதே காலத்துல அங்க படிச்ச பி.கே. திரேசியா 1971ல கேரளா பொதுப்பணித்துறைல சீஃப் இன்ஜினியராவே ஆனாங்க.

லலிதா ஷிம்லாவுல வேலை பாத்தாங்க, 1948ல கல்கத்தாவுக்குப் போனாங்க, கொழந்தைய வச்சுக்கிட்டு போறதால கூடப்பொறந்தவங்க இருக்குற ஊரா பாத்துப் போனாங்க, பக்ரா நங்கல் அணைக்கான டிரான்ஸ்மிஷன் லைன் வேலைலயும் அவங்க பங்கு இருக்கு. 1964ல நியூயார்க்ல பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்துச்சு, அதுக்கு இவங்களுக்கு அழைப்பு வந்துச்சு, போனாங்க. அப்ப இந்தியாவுல பெண் இன்ஜினியர்களுக்குன்னு ஒரு சங்கம் கூட இல்ல, தனி ஆளா தான் போனாங்க. போய்ட்டு வந்து சும்மா இருக்கல, அடுத்த வருஷமே லண்டன் பெண் இன்ஜினியர் சங்கத்துல முழு உறுப்பினர், 1967ல கேம்பிரிட்ஜ்ல நடந்த ரெண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவுக்கான பிரதிநிதி. வீட்ல கொழந்த, ஆபீஸ்ல தான் ஒருத்தி மட்டும் பொண்ணுன்னு இருந்தவங்க அவங்களும்.

உங்களுக்கு எஸ்டபிள்யூஇன்னு 1950ல ஆரம்பிச்ச பெண் இன்ஜினியர்கள் சங்கம் இருக்கு, அந்த 1964 மாநாட்ட நடத்தினதே அவங்க தான், இந்தியாவுலயும் மாநாடு நடத்துறாங்க. ஆட்டோமொபைல், ஏரோஸ்பேஸ் ஆளுங்க நெறைய வருவாங்க. ஷிஃப்ட், ரெஸ்ட்ரூம், சேஃப்டி ஷூ நம்ம சைஸ்ல கெடைக்காதது வரைக்கும் வெக்கப்படாம பேசலாம். ஒருத்தியா இருந்து இருந்து பல விஷயத்த நம்ம தனிப்பட்ட கஷ்டம்னு நெனச்சுக்கிறோம், பக்கத்து டேபிள்லயும் அதே கதைன்னு தெரிஞ்சாலே பாதி பாரம் எறங்கிடும்.

மதுரை, ரெண்டு கொழந்தைங்க, வேலைல நாலு வருஷ கேப்: என்னை யார் எடுப்பா மேடம்? போனா அசிங்கமா இருக்காதா?

அசிங்கம்ங்கிற வார்த்தையே வேணாம் மா. கிரேஸ் ஹாப்பர் 1966ல கடற்படைல இருந்து ரிட்டயர் ஆனாங்க, 1967லயே கோபால் மொழிய ஒழுங்குபடுத்த திரும்ப கூப்பிட்டாங்க, கடைசியா 1986ல வெளிய வரும்போது வயசு 79. கேப்ப மறைக்காதீங்க, ரெஸ்யூமேல ஒரு வரில நேரா எழுதிட்டு கீழ இப்ப என்ன படிக்கிறீங்கன்னு எழுதுங்க.

மாநாட்டு கரியர் ஃபேர்ல ரிட்டர்ன்ஷிப் டெஸ்க் வச்சிருப்பாங்க, கேப் விட்டு திரும்பி வர்றவங்கள வேலைக்கு எடுக்குற திட்டம் அது. அங்க நீங்க தான் இன்டர்வியூ பண்ணணும், போன பேட்ச்ல எத்தனை பேர பெர்மனென்ட் ஆக்கினீங்க, எத்தனை மாசம், சம்பளம் என்ன, மென்டர் யாருன்னு. கொழந்தைங்கள பாத்துக்குற கிரெஷ் எங்க இருக்குன்னும் கேளுங்க. 2017 சட்டத் திருத்தத்துல மகப்பேறு லீவு 26 வாரமாச்சுல்ல, அதுலயே 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல கிரெஷ் வசதி கட்டாயம்னும் இருக்கு. பதில் மழுப்புனா அடுத்த டெஸ்க்குக்கு போயிடுங்க.

கோவை: இங்கிலீஷ் சரளமா வராது, கூட்டத்துல தனியா நின்னுட்டு வந்துடுவேன்.

அனிதா போர்க் கதை சொல்றேன். 1987ல ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் மாநாட்டுல பொண்ணுங்க ரொம்ப கொஞ்சம் பேர், ரெஸ்ட்ரூம்ல சந்திச்சு பேச ஆரம்பிச்சு, சேந்து சாப்பிடப் போய், அதுல இருந்து தான் சிஸ்டர்ஸ்ங்கிற ஈமெயில் குழு பொறந்துச்சு. மேடை மைக்க புடிச்சு யாரும் ஆரம்பிக்கல. பெங்களூர் மாநாட்டுல தமிழ் பேசுறவங்க எங்க திரும்பினாலும் இருப்பாங்க, பேட்ஜ்ல பேரைப் பாத்துட்டு "நீங்க எந்த ஊரு"ன்னு கேட்டுடுங்க, போதும்.

பேர் வேண்டாம்: பொண்ணுங்களுக்குன்னு தனி மாநாடு எதுக்கு? கம்பெனி விளம்பரம் தானே நடக்குது?

விளம்பரம் நடக்குது, ஒத்துக்கறேன், சில செஷன் முழுக்க கம்பெனி பெருமை தான், எழுந்து வந்துடுங்க. ஆனா 2023ல அமெரிக்காவுல ஓர்லாண்டோல நடந்த கிரேஸ் ஹாப்பர் மாநாட்ட பாருங்க, கம்பெனிங்க ஆள் குறைச்ச லேஆஃப் நேரத்துல ஆம்பளைங்க கூட்டமா வந்து ஜாப் ஃபேர் கியூவுல நின்னாங்க, பொண்ணுங்க பல பேர் ரெக்ரூட்டர் பக்கமே போக முடியலன்னு வருத்தப்பட்டாங்க. அந்த எடத்துக்கு மதிப்பு இல்லன்னா ஏன் வந்து நிக்கப்போறாங்க? வேலைக்காக வந்தவங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. தனி மாநாடு தேவையில்லாத நாள் வந்தா நான் சந்தோஷப்படுவேன், ஓசூர் தங்கச்சி ஃப்ளோர்ல ஒருத்தியா நிக்குற வரைக்கும் அந்த நாள் வரல.

மேனேஜர் காசு தர மாட்டேங்குறார், என்ன சொல்லி கேக்கறது?

நெட்வொர்க்கிங்னு சொல்லாதீங்க. இந்த மூணு செஷன், இது நம்ம ப்ராஜெக்ட்ல இந்த பிரச்சினைக்கு உதவும், வந்து டீமுக்கு அரை மணி நேரம் சொல்றேன்னு மெயில் போடுங்க. பேசுறவங்களா செலக்ட் ஆனா கம்பெனி அனுப்ப வாய்ப்பு அதிகம், அதனால நீங்க என்ன பேசப்போறீங்கன்னு சுருக்கமா எழுதி (அப்ஸ்ட்ராக்ட்) அனுப்புங்க.

லேப்டாப் எடுத்துட்டு போகணுமா அக்கா?

வேணாம் பா, எடுத்துட்டு போனா ஆபீஸ் வேலை தான் பாப்பீங்க. நோட்டு, பேனா, போன் சார்ஜர், ஏசிக்கு ஒரு துப்பட்டா, நடக்க தோதான செருப்பு.